குமிழி விட்டவன்

எனக்கு ஓரிடத்தில் உட்கார வராது. பிறவிக் கோளாறு. கல்யாணப் பந்தியில் உட்கார்ந்தால்கூட மோர் வருவதற்குள் எழுந்துவிடுவேன். காலில் சக்கரம் கட்டிக்கொண்டு பிறந்தவள் என்று எங்கம்மா கன்னியம்மாள் தலையில் அடித்துக்கொள்வாள். சக்கரம் இருந்து என்ன புண்ணியம்? எனக்கு வாய்த்தது அம்பத்தூரில் ஒரு கிளப்பின் நீச்சல் குளம். இந்தச் சுவரிலிருந்து அந்தச் சுவர், அந்தச் சுவரிலிருந்து இந்தச் சுவர். பெரிய கம்பெனி அதிகாரிகள் வீட்டுப் பிள்ளைகளின் வயிற்றுக்கடியில் கையைக் கொடுத்து, "காலை அடி, காலை அடி" என்று கத்திக் கத்தித் தொண்டை வறண்டு, சாயங்காலம் பஸ் பிடித்து முத்தாபுதுப்பேட்டை வாடகை வீட்டுக்குத் திரும்புவேன். அங்கே என் வீட்டுக்காரர் உத்தமன், பகலெல்லாம் அம்பத்தூர் தொழிற்பேட்டையில் லேத்து மெஷின் முன்னால் நின்ற காலை நீட்டிக்கொண்டு, ரேடியோவை மார்மேல் வைத்துப் படுத்திருப்பார். வீடு இடிந்து விழுந்தாலும் எழுந்திருக்க மாட்டார். தாய்மாமன் மகன். அதனால் கல்யாணத்துக்கு முன்பே தெரியும், தெரிந்தேதான் கட்டிக்கொண்டேன். குழந்தை இல்லை. அதைப் பற்றிக் கேட்டவர்களுக்கு நான் கொடுத்த பதிலில், அப்புறம் யாரும் கேட்கவில்லை.

தொண்ணூற்று மூன்றில் கங்காதரன் என்பவர் எங்கள் குளத்தை விடிகாலை நேரங்களில் வாடகைக்கு எடுத்தார். கடற்படையில் முக்குளிப்பு வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். முதுகில் காற்று சிலிண்டரைக் கட்டி, வாயில் ரெகுலேட்டர் என்ற ரப்பர் குழாயைக் கவ்வவைத்து, தண்ணீருக்கடியில் மூச்சு விடச் சொல்லிக்கொடுப்பார். நான் ஓரமாக நின்று பார்த்தேன். எத்தனை நாள்தான் பார்ப்பது? "சார், எனக்கும் மாட்டி விடுங்க" என்று கேட்டேன். மாட்டிவிட்டார். குளத்தின் தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்தேன். இழுத்தால் காற்று வருகிறது, விட்டால் குமிழி போகிறது. மேலே வரச் சொல்லி அவர் கையைக் காட்டிக்கொண்டே இருக்கிறார், நான் அசையவில்லை. என் ஆயுசில் நான் ஆடாமல் அசையாமல் உட்கார்ந்த முதல் இடம் அதுதான்.

அப்புறம் என்னைப் பிடிக்க முடியுமா? பாண்டிச்சேரி கடல், தூத்துக்குடி கடல் என்று அவர் போன இடத்துக்கெல்லாம் சிலிண்டர் தூக்கிக்கொண்டு போனேன். உதவியாளராக ஆனேன். மிச்சம் இருந்தது ஆசிரியர் சான்றிதழ் ஒன்றுதான். அது கையில் இருந்தால் அந்தமானில் வேலை. புதிதாக ஒரு டைவிங் கம்பெனி அங்கே தொடங்கியிருந்தார்கள், பெண் ஆசிரியர் வேண்டும் என்றார்கள். தொண்ணூற்றாறு ஜனவரி மாதக் கடைசியில் கப்பல். இந்தத் தடவை தேர்வில் கோட்டை விட்டால் வேறு ஆளைப் போட்டுவிடுவோம் என்று கறாராகச் சொல்லிவிட்டார்கள். இரண்டு மாதம் எனக்குத் தூக்கமே இல்லை.

தேர்வுக்கு ஒரு நிபந்தனை இருந்தது. ஆசிரியராகப் போகிறவர், தண்ணீருக்குள் மூச்சே விட்டறியாத ஒரு ஆளைப் பிடித்து, தானே ஆதியிலிருந்து கற்றுக்கொடுத்து, தேர்வாளர் முன்னால் அந்த ஆளை எல்லாப் பயிற்சியையும் செய்யவைக்க வேண்டும். என்னோடு தேர்வுக்கு நின்ற மற்ற இருவரும் ஆம்பிளைகள், அவர்களுக்கு ஆள் சுலபமாகக் கிடைத்தது. என்னிடம் கற்றுக்கொள்ள எந்த ஆம்பிளை வருவான்? எந்த வீட்டில் பெண்ணை அனுப்புவார்கள்? கேட்டுக் கேட்டு அலுத்துப்போய், கடைசியில் வீட்டில் படுத்திருந்தவரையே எழுப்பினேன்.

"யோவ் மாமா, நீ வர்றியா?"

"எங்கமே?"

"என்கிட்ட டைவிங் கத்துக்க."

ரேடியோவை அணைத்தார். "எனுக்கே தண்ணியில சொல்லித் தரப் போறியா நீ? நல்லா கீதுமே கதை" என்று சிரித்தார். ஆனால் ஞாயிற்றுக்கிழமை எனக்கு முன்னால் எழுந்து, துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு வாசலில் நின்றார்.

அவர் சிரித்ததில் நியாயம் உண்டு. எங்கள் இருவருக்கும் சொந்த ஊர் பாரிவாக்கம். அங்கே செங்கல்வராயன் தோட்டத்தில் ஒரு பெரிய கிணறு. மழை முடிந்த கையோடு ஐந்தாள் ஆழத்துக்குத் தண்ணீர் நிற்கும். சுற்றிலும் நிலத்தையெல்லாம் மனை போட்டுக் கல் நட்டுவிட்டார்கள், கிணறு மட்டும் அப்படியே கிடக்கிறது. அந்தக் கிணற்றில்தான் ஊரே நீந்தப் பழகியது. அங்கே ஒரு பந்தயம் உண்டு. மேலிருந்து குதித்து, தம் கட்டி அடிவரைக்கும் போய், ஒரு பிடி மண்ணை அள்ளிக்கொண்டு வந்து காட்ட வேண்டும். மண் இல்லாமல் வந்தவன் அடியைத் தொட்டதாக யாரும் நம்ப மாட்டார்கள். அது மட்டுமில்லை, போகும்போதும் வரும்போதும் ஒரு குமிழி விடக்கூடாது. விட்டால் மேலே நிற்கிற கும்பல் "குமிழி! குமிழி!" என்று ஊளையிடும். குமிழி விட்டவன் தோற்றவன். நானும் எடுத்திருக்கிறேன் மண். ஆனால் என் அவசரத்துக்கு எங்கே தம் நிற்கும்? ஒவ்வொரு தடவையும் குமிழி விட்டுத் தோற்பேன். உத்தமன் தோற்றதே கிடையாது. அவர் உள்ளே போனால் தண்ணீர் மூடியதுதான், கண்ணாடி மாதிரி கிடக்கும். சில பேர் பயந்துபோய் அழக்கூட ஆரம்பித்துவிடுவார்கள். அப்புறம் மெதுவாக ஒரு கை மட்டும் மேலே வரும், மண்ணோடு.

அப்பேர்ப்பட்டவருக்கு நான் சொல்லிக்கொடுக்க வேண்டிய முதல் பாடம் என்ன தெரியுமா? மூச்சை அடக்காதே.

டைவிங்கில் மற்றதெல்லாம் அப்புறம். முகத்தில் மாட்டிய கண்ணாடிக்குள் தண்ணீர் புகுந்தால் மூக்கால் ஊதி வெளியேற்றுவது, வாயிலிருந்து நழுவிய ரெகுலேட்டரைக் கையை வீசித் துழாவி எடுப்பது, காற்று தீர்ந்தவனுக்கு நம் காற்றைக் கொடுப்பது எல்லாவற்றையும் அவர் ஒரு தடவை பார்த்துவிட்டு அப்படியே செய்தார். லேத்தில் நூலிழை பார்த்துக் கடைகிற கையல்லவா? ஆனால் ரெகுலேட்டரை வாயிலிருந்து எடுத்த உடனே உதட்டை இறுக்கி மூடிக்கொள்வார். ஒரு குமிழி வராது. நான் தண்ணீருக்கு வெளியே இழுத்துவந்து கத்துவேன்.

"எத்தினி தபா சொல்றது? ஆழத்துல இழுத்த காத்து, மேல வர வரப் பெருசாவும். எண்ணெயில போட்ட பூரி மாதிரி உப்பும். வாயை மூடிகினு வந்தா நெஞ்சு கிழிஞ்சிடும்யா. ஊதிகினே வரணும்."

"சர்தான்மே. காத்து உப்பும், நெஞ்சு கிழியும். கத்தாத, குளத்துல கீறவங்க பாக்கறாங்க."

போகப் போக ஊதினார். வேண்டா வெறுப்பாக, கடன்காரனுக்குக் கொடுப்பதுபோல ஒவ்வொரு குமிழியாக விட்டார். எனக்கு அது போதும்.

அந்தமானைப் பற்றி மட்டும் வீட்டில் பேச்சே கிடையாது. ஒரே ஒரு நாள் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது அவராகக் கேட்டார்.

"பாஸாயிட்டா எப்போ கெளம்பணும்?"

"மாசக் கடைசில கப்பலு."

"நானு?"

"நீயும் வா மாமா."

"அங்க வந்து நானு இன்னாமே பண்றது? மீனுக்கு நட்டு போல்ட்டு கடைஞ்சி தர்றதா?"

நான் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை. தட்டைக் கழுவி வைத்துவிட்டு ரேடியோவைத் திருகிச் சத்தமாக வைத்தார். அன்றிலிருந்து எனக்குள் ஒரு சந்தேகம் அரிக்கத் தொடங்கியது. நான் தேறுவதும் தேறாததும் இந்த மனுஷன் கையில் இருக்கிறது. தேறினால் நான் போய்விடுவேன். இவர் எதற்காக என்னைத் தேறவிடுவார்? அடுத்த ஞாயிற்றுக்கிழமை அவர் நீச்சல் குளத்தில் எதைச் சரியாகச் செய்தாலும் எனக்கு அது நடிப்பாகவே தெரிந்தது. கேட்டுவிடலாம் என்று வாயைத் திறப்பேன், கேட்டால் அவர் வராமலே போய்விட்டால் என்ன செய்வது என்று மூடிக்கொள்வேன். என் வாயை நானே மூடிக்கொண்ட நாட்கள் அவை, நினைத்துப் பாருங்கள்.

பொங்கல் முடிந்த வாரம் தேர்வாளர் வந்தார். சுலைமான் என்று பெயர். கீழக்கரைக்காரர், மாலத்தீவில் வெகு காலமாக இருக்கிறவர். அதிர்ந்து பேசாத ஆள். குளத்துப் பயிற்சியெல்லாம் முதல் நாளே முடிந்தது. கடைசிப் பயிற்சி ஆழத்தில். முப்பதடி ஆழத்தில் காற்று திடீரென்று தீர்ந்துவிட்டதாக வைத்துக்கொண்டு, மாணவர் ரெகுலேட்டரை வாயில் கவ்வியபடியே, ஒரே மூச்சில், "ஆ" என்று சத்தமிட்டுக் காற்றை விட்டுக்கொண்டே நிதானமாக மேலே வர வேண்டும். ஆசிரியர் ஒரு கையில் கயிற்றையும் ஒரு கையில் மாணவரின் சிலிண்டர் பட்டையையும் பிடித்துக்கொண்டு கூடவே வர வேண்டும். மறுநாள் கடலில் செய்வதாக ஏற்பாடு. மறுநாள் பார்த்தால் கடல் கொந்தளிக்கிறது. படகுக்காரர்கள் கையை விரித்துவிட்டார்கள். சுலைமானுக்கு அடுத்த நாள் விமானம். கங்காதரன் வேர்த்து விறுவிறுத்துப் போய் நின்றார்.

நானாவது சும்மா இருந்திருக்கலாம். இருந்தேனா?

"எங்க ஊர்ல ஒரு கெணறு கீது சார். முப்பது அடி தண்ணி நிக்கும். அடி வரிக்கும் தெளிவாத் தெரியும்."

சாமான்களை வேனில் ஏற்றிக்கொண்டு பாரிவாக்கம் போனோம். உத்தமன் ஜன்னலோரமாக உட்கார்ந்து வந்தார். என்னடா இந்த மனுஷன் முகத்தில் இப்படி ஒரு வெளிச்சம் என்று அப்போதே நான் யோசித்திருக்க வேண்டும். எனக்கு என் கவலை.

ஊருக்குள் வேன் நுழைந்த உடனே சேதி பரவிவிட்டது. உத்தமனின் பழைய கூட்டாளிகள் ஒவ்வொருவராக வந்து மோட்டார் ரூம் மதில்மேல் வரிசையாக உட்கார்ந்துகொண்டார்கள். எல்லாருக்கும் முன்னால் வேம்புலி. உத்தமனிடம் பந்தயத்தில் தோற்றுத் தோற்றே வயசானவன், வாய் மட்டும் ஓயாது.

"இன்னா மச்சான், முதுகுல சிலிண்டரு? உள்ள போயி சோறாக்கப் போறியா?"

"மூடிகினு பாருடா."

"பொண்டாட்டி வாத்தியாரம்மாவாமே? கெணத்து ராஜாவுக்கே டியூசனா?"

எல்லாரும் சிரித்தார்கள். உத்தமனும் சிரித்தார். ஆனால் காது மடல் சிவந்துவிட்டது. நான் அதைப் பார்த்தேன், பார்த்துவிட்டு ரெகுலேட்டரைச் சரிபார்க்கப் போய்விட்டேன். மற்ற இருவரும் தங்கள் மாணவர்களோடு இறங்கி, ஏறி, கைகுலுக்கி முடித்தார்கள். கடைசியில் என் முறை.

கிணற்றுக்குள் பச்சை வெளிச்சம். குறுக்குக் கட்டையிலிருந்து ஒரு கயிறு, நுனியில் கல் கட்டி, அடிக்கு ஒரு முழம் மேலே தொங்கியது. நாங்கள் இருவரும் அதைப் பிடித்துக்கொண்டு மெதுவாக இறங்கினோம். சுலைமான் எங்களுக்கு ஓர் ஆள் உயரத்துக்கு மேலே, படிக்கல் ஓரமாக மிதந்து பார்த்துக்கொண்டிருந்தார். அடியில் போய் நின்றோம். "சரியா?" என்று விரலை வளைத்துக் கேட்டேன். "சரி" என்று காட்டினார். அவர் சிலிண்டர் பட்டையை இறுக்கிப் பிடித்தேன். "மேலே" என்று கட்டை விரலை உயர்த்தினேன்.

அவர் அண்ணாந்து பார்த்தார். மேலே வட்டமாக வானம், அந்த வட்டத்தின் ஓரமெல்லாம், மதிலை விட்டு இறங்கிவந்து எட்டிப் பார்க்கிற கூட்டாளிகளின் தலைகள். கண்ணாடிக்குள் அவர் கண் மாறியது. சட்டென்று குனிந்து, கையை அடிச்சேற்றில் விட்டு, ஒரு பிடி அள்ளினார்.

சேறு புகைந்து எழுந்து எல்லாவற்றையும் மூடிவிட்டது. என் கையே எனக்குத் தெரியவில்லை. பட்டை மட்டும் வெடுக்கென்று மேலே இழுத்தது. காலை உதைத்துக் கிளம்பிவிட்டார். நான் காதைத் தீட்டிக்கொண்டு கேட்டேன். என் குமிழிச் சத்தம் கேட்கிறது, அவர் சத்தம் இல்லை. எனக்கு உயிரே போய்விட்டது. கயிற்றைக் காலால் பின்னிக்கொண்டு அவரை நிறுத்தப் பார்த்தேன். லேத்துக்காரர் பலத்துக்கு நான் எந்த மூலைக்கு? அவரோடு சேர்ந்து நானும் வழுக்கிக்கொண்டு மேலே போனேன். சேறு விலகியது. முகத்தைப் பார்த்தேன். உதடு ரெகுலேட்டரின்மேல் பூட்டுப் போட்டதுபோல் இறுகியிருக்கிறது, கன்னம் உப்பியிருக்கிறது, கண் மேலே அந்தத் தலைகளின்மேல் இருக்கிறது. வேண்டுமென்றே செய்கிறார், என்னைத் தோற்கடிக்கச் செய்கிறார் என்று தோன்றியது. விலா எலும்புக்குக் கீழே, என் முஷ்டியால், எவ்வளவு பலம் உண்டோ அவ்வளவும் கூட்டிக் குத்தினேன்.

பொளக்கென்று ஒரு பெரிய குமிழிக் கொத்து வெடித்துப் போனது. மறுபடியும் குத்தினேன். முதல் குத்து அவர் உயிருக்காக. இரண்டாவது, என் ஆத்திரத்துக்காக.

மேலே வந்ததும் கிணறே அதிர்கிறாற்போல் கூச்சல். "குமிழி! குமிழி! உத்தமன் குமிழி உட்டுட்டான்டோய்!" வேம்புலி மதில்மேல் ஏறி நின்று ஆடினான். ஆயுசில் முதல் தடவையாக உத்தமன் தோற்றிருக்கிறார், அவனுக்குக் கேட்கவா வேண்டும்? உத்தமன் இருமிக்கொண்டே ஒரு கையைத் தூக்கினார். விரலிடுக்கில் சேறு வழிந்தது. அந்த நிலையிலும் பிடியை விடவில்லை.

படிக்கல்லில் அவரை உட்காரவைத்து, சுலைமான் மார்பில் காதை வைத்துக் கேட்டார். துப்பச் சொல்லிப் பார்த்தார், ரத்தம் இல்லை. மூச்சை இழுத்து விடச் சொன்னார், வலி இல்லை. "அல்லாஹ் காப்பாத்தினான். ரெண்டாவது, உங்க வீட்டம்மா" என்றார். சுலைமான் அப்பால் போனதும் நான் உத்தமனைப் பிடித்துக்கொண்டேன்.

"வேணும்னேதான பண்ண? நானு பாஸாவக் கூடாது, இந்த ஊரை உட்டுப் போவக் கூடாது, அதானே? செத்துப்போயிருப்பியேயா, பாவி! அதுக்கு மூஞ்சிக்கு நேரா போவாதன்னு சொல்லியிருக்கலாம் இல்ல?"

உத்தமன் என்னைப் பார்த்த பார்வை இன்னும் என் கண்ணில் நிற்கிறது. கோபமே இல்லை. ஒன்றும் புரியாத பார்வை.

"இன்னாமே சொல்ற நீ? மண்ணு இல்லாம மேல வந்தா இவனுங்க நம்புவானுங்களா? பாதிக் கெணறு வரிக்கும் இட்டுகினு போயி பொண்டாட்டிக்காரி படம் காட்டிட்டா, அடி வரிக்கும் எங்க போனாள்னு நாளைக்கே பேசுவானுங்க. நீ என்னை அடி வரிக்கும் இட்டுகினு போனதுக்கு சாட்சி வாணாமா?"

கையை விரித்துக் காட்டினார். கறுப்புச் சேறு. எனக்காக எடுத்த சேறு.

நான், நாகவல்லி, வாயடைத்து நின்றேன்.

சுலைமான் என்னைத் தனியே கூப்பிட்டார். அவர் திட்டியிருந்தால் நானும் இரண்டு வார்த்தை பேசியிருப்பேன். அவர் திட்டவில்லை.

"குத்தினது சரி. அதுக்கு நான் உங்களை ஃபெயில் பண்ண மாட்டேன். மேல நிக்கிறவங்க இப்பதான் எங்கிட்ட விவரம் சொன்னாங்க. ஒண்ணு மட்டும் சொல்லுங்க. இந்தக் கிணத்துல எப்படிப் பந்தயம் கட்டுவாங்கன்னு உங்களுக்குத் தெரியுமா?"

"தெரியும் சார்."

"குமிழி விட்டா தோல்வின்னு தெரியும். மண்ணு எடுக்காம வந்தா மானம் போயிடும்னு தெரியும். அதை விட்டுட்டு நீங்க புத்தகத்துல இருக்கிறதை மட்டும் அவருக்குச் சொல்லியிருக்கீங்க. மாலத்தீவுல இருந்து வந்த எனக்குத் தெரியாதது உங்களுக்குத் தெரிஞ்சும், உள்ளே இறங்குறதுக்கு முன்னாடி நீங்க அதைப் பேசலை."

எனக்குச் சுருக்கென்றது. அவர் சொன்னது அத்தனையும் நிஜம், அதனால்தான் இன்னும் அதிகமாகக் கோபம் வந்தது.

"தண்ணி தெளிய ஒரு மணி நேரம் ஆகும்" என்றார் சுலைமான். "அதுவரைக்கும் அவருக்கு ஒண்ணும் செய்யலைன்னா, அவருக்கும் சம்மதம்னா, இன்னொரு தடவை பார்க்கிறேன். அதோட முடிஞ்சுது."

ஒரு மணி நேரம் எப்படிப் போகும்? கிணற்றைச் சுற்றிச் சுற்றி நடந்தேன். மனைக்கற்களை எண்ணினேன். கங்காதரன் டீ வாங்கிவந்து கொடுத்தார், அதை எங்கே வைத்தேன் என்றே தெரியவில்லை. உத்தமன் மோட்டார் ரூம் நிழலில், குத்து வாங்கிய வயிற்றைத் தடவிக்கொண்டு, வழக்கம்போல் அசையாமல் உட்கார்ந்திருந்தார். கடைசியில் போய் அவர் எதிரே குந்தினேன்.

"வலிக்குதா மாமா?"

"ரெண்டாவது குத்துதான்மே வலிக்குது."

இன்னும் கிட்டே நகர்ந்து உட்கார்ந்தேன்.

"காத்து உப்பும், நெஞ்சு கிழியும்னு இனிமே சொல்ல மாட்டேன். அது உனுக்குத் தெரியும். வேற ஒண்ணு கேக்கறேன். இந்தக் கெணத்துல நீ தோத்ததே இல்ல. மண்ணை எடுக்காத. மேல வர வரிக்கும் குமிழி உடு. இவனுங்க எல்லாம் கத்துவானுங்க, கத்தட்டும். எனக்கோசரம் இன்னிக்கு ஒரு தபா தோத்துடு மாமா."

அவர் மதில்மேல் கால் ஆட்டிக்கொண்டிருந்த வேம்புலியைப் பார்த்தார். கிணற்றைப் பார்த்தார். அப்புறம் என்னைப் பார்த்தார்.

"நானு தோத்தா நீ பாஸு."

"ஆமா."

"பாஸானா கப்பலு."

பொய் சொல்லியிருக்கலாம். பார்க்கலாம் மாமா, அப்புறம் யோசிக்கலாம் மாமா என்று சொல்லி அப்போதைக்குத் தப்பித்திருக்கலாம். எனக்கு வாய் வரவில்லை.

"ஆமா மாமா. போயிடுவேன்."

துண்டில் கையைத் துடைத்துக்கொண்டு எழுந்தார். "சர்தான். சிலிண்டரை எட்து மாட்டுமே, நேரமாவுது" என்றார்.

இரண்டாவது தடவை இறங்கினோம். தண்ணீர் தெளிந்திருந்தது. அவர் சேற்றில் கை விட்ட இடம் சின்னப் பள்ளமாகத் தெரிந்தது. அவர் அந்தப் பக்கம் திரும்பவே இல்லை. ஒரு கையால் கயிற்றைத் தொட்டுக்கொண்டு, இன்னொரு கையை என் கண்ணெதிரே விரித்துக் காட்டினார். ஐந்து விரலும் விரிந்து, ஒன்றுமில்லாமல். அதை அப்படியே மேலே நீட்டிப் பிடித்துக்கொண்டார். நான் கட்டை விரலை உயர்த்தினேன்.

அண்ணாந்து பார்த்தார். அதே வட்டம், அதே தலைகள். ஒரு நொடி உதடு இறுகியது. என் கை தானாக முஷ்டியானது. அப்புறம் சத்தம் வந்தது.

தண்ணீருக்கடியில் "ஆ" என்று எத்தனையோ பேர் சொல்லிக் கேட்டிருக்கிறேன். முனகுவார்கள், பாட்டுப் பாடுவதுபோல் இழுப்பார்கள். இவர் அலறினார். ஒப்பாரி வைப்பதுபோல, நெஞ்சின் அடியிலிருந்து, விடாமல் அலறினார். குமிழிகள் கொத்துக் கொத்தாகக் கிளம்பி எங்களை முந்திக்கொண்டு மேலே ஓடின. அவை போய் உடைந்ததும் மேலே ஊளை ஆரம்பித்தது, தண்ணீரைத் தாண்டி எனக்கே கேட்டது. அவருக்கும் கேட்டிருக்கும். அவர் நிறுத்தவில்லை. கடைசி அடிவரைக்கும், கடைசிக் காற்றுவரைக்கும் விட்டுக்கொண்டே வந்தார். கண்ணாடிக்குள் நான் அழுதேன். அதை மூக்கால் ஊதி வெளியேற்ற முடியாது.

மேலே வந்து ரெகுலேட்டரைத் துப்பினார்.

"இன்னா மச்சான், ரெண்டாவது தபாவும் குமிழி!" வேம்புலி வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். "ஆறு மாதிரி உட்டியே! மண்ணு எங்கடா, மண்ணு?"

உத்தமன் காலிக் கையை உயர்த்தி எல்லாப் பக்கமும் திருப்பிக் காட்டினார்.

"மண்ணு இல்லடா. தோத்துட்டேன். போதுமா? என் பொண்டாட்டி வாத்தியாராயிட்டா. பிகிலு அடிங்கடா, கஸ்மாலங்களா!"

வேம்புலியின் சிரிப்பு பாதியில் நின்றது. யாரோ ஒருவன் வாயில் விரலை வைத்து விசிலடித்தான். அப்புறம் எல்லாருமே அடித்தார்கள். சுலைமான் தண்ணீருக்கு மேலே வந்து, கண்ணாடியைக் கழற்றி, என்னிடம் கை நீட்டினார். "வாழ்த்துகள், இன்ஸ்ட்ரக்டர்" என்றார்.

இந்த ஒரு வார்த்தைக்காகத்தானே இத்தனை நாள் தவித்தேன்? கேட்டாயிற்று. மற்றவர்கள் படியேறிப் போனார்கள். நான் கயிற்றைப் பிடித்துக்கொண்டு தண்ணீரிலேயே கிடந்தேன். கால் நகரவில்லை. எந்த நேரமும் எங்கேயாவது ஓடிவிடத் துடிக்கிற கால், அந்தக் கிணற்றை விட்டு ஏறமாட்டேன் என்று அடம் பிடித்தது.

உத்தமன் சிலிண்டரைக் கழற்றி வைத்துவிட்டு, மறுபடியும் இறங்கிவந்து, கடைசிப் படிக்கல்லில் குனிந்து கையை நீட்டினார்.

"ஏறுமே" என்றார். "கப்பலு உனுக்கோசரம் நின்னுகினு இருக்குமா?"